ஊக்கம் யாருடைய உடைமை?

1950களின் கடைசியில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அவசரப் பிரிவுக்குக் குடித்துவிட்டு வருகிறவர்களை அதே கட்டடத்திலிருந்த குடிநோய்ப் பிரிவுக்கு அனுப்பினால் அவர்கள் போய்ச் சேர மாட்டார்கள். காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததே: அவர்களுக்குத் திருந்தும் ஊக்கம் இல்லை. மாரிஸ் சேஃபெட்ஸ் குழு 1962இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் காரணத்தைச் சோதித்தது. 200 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான அனுப்புச்சீட்டு. மறு பாதிக்கு அவசரப் பிரிவிலேயே ஒரு மனநல மருத்துவரும் ஒரு சமூகப் பணியாளரும் வந்து பேசினார்கள். அன்றைய தேவை எதுவோ அதைக் கவனித்தார்கள். பிறகும் அவர்களே தொடர்பில் இருந்தார்கள். முதல் பாதியில் குடிநோய்ப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 5 சதவீதம், இரண்டாம் பாதியில் 65 சதவீதம். ஐந்து முறையோ அதற்கு மேலோ வந்தவர்களைக் கணக்கிட்டால் 1 சதவீதம், 42 சதவீதம்.

அதே வட்டாரத்திலிருந்து 1967இல் வந்த இன்னொரு ஆய்வு அளவில் சிறியது, கேள்வியில் கூர்மையானது. குடிநோயாளிகளோடு தங்களுக்கு நேர்ந்த அனுபவத்தைப் பற்றி ஒன்பது மருத்துவர்கள் பேசியதைப் பதிவு செய்து, சொற்கள் புரியாதபடி ஒலியை வடிகட்டி, குரலை மட்டும் மதிப்பிடச் சொன்னார்கள். யார் குரலில் கோபம் கூடுதலாகக் கேட்டதோ, அவர் அனுப்பிய நோயாளிகளில் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. ஒன்பது பேரை வைத்து விதி எழுத முடியாது. பேச்சுப் பதிவும் நோயாளிகளை அனுப்பி முடித்த பிறகு எடுக்கப்பட்டதுதான். இருந்தும் இந்தத் துறையின் சரியான கேள்வி அந்த ஒன்பது குரல்களில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நோயாளியைத் தங்கவைப்பது அவருக்குள் இருக்கும் ஏதோ ஒன்றா, எதிரில் உட்கார்ந்திருப்பவர் செய்யும் ஏதோ ஒன்றா?

ஊக்கத்தை ஓர் உடைமையாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். குறளில் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. அறநூலுக்கு அது பொருந்தும். மருத்துவ ஆய்வு அதே இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, ஊக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று நோயாளிகளைப் பிரிக்கத் தொடங்கியதும் கோணல் ஆரம்பமாகிவிட்டது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1985இல் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை இந்தக் கோணலை நேராகக் காட்டியது: ஊக்கம் என்பது நிலையான குணம் அல்ல, இருவருக்கு இடையில் நடப்பது. அதற்குப் பிறகு வந்த நாற்பதாண்டு ஆய்வுகளை நான் எடைபோடுவது இந்த வாக்கியத்துக்கு அவை எவ்வளவு உண்மையாக இருந்தன என்பதை வைத்துத்தான்.

முதலில் வேரில் உள்ள ஒரு முறையியல் கோளாறு. சிகிச்சையில் நீண்ட நாள் தொடர்ந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையின் மிகப் பழைய கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் டுவெய்ன் சிம்ப்சன் முதலானோர் 1960களின் இறுதி முதல் நடத்திய பெருந்தொடர் ஆய்வுகள், குறைந்தது 90 நாள் தொடர்ந்தால்தான் பலன் என்ற வரம்பை நிறுவின. 1991 முதல் 1993 வரை 11 நகரங்களில் பத்தாயிரம் பேரைச் சேர்த்த டேட்டாஸ் ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. பரப்பிலும் பொறுமையிலும் இவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் இவற்றில் யாரும் யாரையும் குலுக்கிப்போட்டு 90 நாள் இருக்கச் சொல்லவில்லை. இருந்தவர்கள் தாமாக இருந்தார்கள். டியூஷனில் கடைசி நாள் வரை வந்த பையன்கள் பாஸ் ஆனார்கள் என்றால், டியூஷன்தான் பாஸ் போட்டது என்று எந்தப் பெற்றோரும் நம்பிவிட மாட்டார்கள். கட்லரும் ஃபிஷ்பெயினும் 2005இல் புராஜெக்ட் மேட்ச் தரவை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். 1,726 குடிநோயாளிகளைக் கொண்ட அந்தப் பேராய்வில், ஒருநாள்கூடச் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிட்டவர்களும் கணிசமாகத் தேறியிருந்தார்கள். கட்லரும் ஃபிஷ்பெயினும் செய்த வாசிப்பு கொஞ்சம் மிகை என்பேன். ஒருவர் ஆய்வில் சேர ஒப்புக்கொண்டதே ஒரு திருப்பமாக இருந்திருக்கலாம். ஆனால் இவர்கள் எழுப்பிய ஐயத்துக்குப் பதில் சொல்லாமல் 90 நாள் வரம்பை மேற்கோள் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இனி மில்லருடைய பள்ளிக்கு வருவோம். 1982இல் அவர் நார்வேயின் பெர்கன் அருகே ஹெல்லெஸ்டாட் மருத்துவமனையில் சில மாதம் இருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் நோயாளியைப் போல நடித்துக்காட்டி, நீங்கள் என்ன பேசுவீர்கள், ஏன் அதைப் பேசினீர்கள் என்று இடைமறித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்லச் சொல்லத்தான் தன் செயல்முறை தனக்கே விளங்கியது என்பது அவர் கூற்று. அதிலிருந்து 1983இல் ஒரு கட்டுரையும், 1991இல் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து ஒரு நூலும் வந்தன. மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று உலகமெங்கும் பட்டறை போட்டுக் கற்பிக்கப்படுவது இதுதான். வாதாடாதே, கேள், விட்டுவிட வேண்டும் என்பதற்கான காரணங்களை நோயாளியின் வாயிலிருந்தே வரவை.

குடித்தவனிடம் நியாயம் பேசுவது வீண்வேலை என்று நம் ஊரில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். இந்தப் பள்ளியின் முதல் சாதனை அந்த அனுபவத்தை எண்ணாக்கிக் காட்டியது. 1993இல் மில்லர் குழு ஆலோசனைப் பதிவுகளைக் கேட்டு எண்ணியது. ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ, ஓராண்டுக்குப் பின் அந்த நோயாளி அவ்வளவு கூடுதலாகக் குடித்தார். நோயாளியின் மறுப்பை உடைத்தாக வேண்டும் என்று அதட்டலையே சிகிச்சையாக வைத்திருந்த ஒரு மரபின் காலடியில் இது விழுந்தது. கூச்சல் குறைந்தது. அதற்காக மட்டுமே இந்தப் பள்ளிக்கு மருத்துவ வரலாற்றில் இடம் உண்டு.

ஆனால் கேள்வி சிகிச்சையில் தொடர்வது பற்றியது. அமெரிக்காவின் ஐந்து புறநோயாளி மையங்களில் 423 பேரைக் குலுக்கிப் பிரித்து கேத்லீன் கேரல் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு, சேர்க்கை நாள் பேட்டியையே இந்த உரையாடலாக மாற்றிப் பார்த்தது. 28 நாள் வரை தொடர்ந்தவர்கள் உரையாடல் குழுவில் தெளிவாகவே கூடுதல். போதைப் பயன்பாட்டிலோ 28ஆம் நாளிலும் வேறுபாடு இல்லை, 84ஆம் நாளிலும் இல்லை. வடிவமைப்பில் குறை சொல்ல இடமில்லாத ஆய்வு. முடிவை மறைக்காமல் எழுதிய நேர்மையும் பாராட்டத்தக்கது. ஆனால் அது காட்டியது வாசலைத் தாண்டவைக்கும் ஒரு நல்வரவை. 59 ஆய்வுகளையும் 13,342 பேரையும் தொகுத்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மீள்பார்வை இன்னும் கறாரானது. ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட இது நல்லது. மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல முடியாது. நோயாளியைத் தொடரவைக்கிறதா என்று முடிவு சொல்லத் தரவு போதாது. சிகிச்சைக்கு ஆளைத் தயாராக்கும் வழி என்று பெயர் வாங்கிய ஒரு முறைக்கு, கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த மதிப்பெண் இது.

இதற்கு ஒரு காரணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பிரோசாஸ்காவும் டிகிளமெண்டியும் 1983இல் வைத்த மாற்றப் படிநிலைகளை, அதாவது எண்ணம் இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை என்ற ஏணியை, மையங்கள் இந்த உரையாடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டன. இரண்டும் வேறு வேறு என்று மில்லரும் ரோல்னிக்கும் பின்னால் எழுத வேண்டியதாயிற்று. அந்த ஏணியை அடக்கம் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று ராபர்ட் வெஸ்ட் 2005இல் எழுதியது கடுமையானது, ஆனால் நியாயம். படிநிலை வினாத்தாளை நிரப்பிய கணத்தில் ஊக்கம் மறுபடி நோயாளியின் உடைமையாகிவிடுகிறது. மில்லர் வாசல் வழியாக வெளியேற்றியதை மையங்கள் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தன.

இரண்டாவது பள்ளி இந்த மனவாதம் எதையும் பேசாது. வெர்மான்ட்டில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் கோகெயின் நோயாளிகளுக்கு வவுச்சர் கொடுத்தார். முதல் சுத்தமான சிறுநீர் மாதிரிக்கு 2.50 டாலர் மதிப்பு. அடுத்தடுத்த சுத்தமான மாதிரிக்கு 1.25 டாலர் ஏறும். ஒருமுறை தவறினால் மறுபடி 2.50க்கு இறங்கும். 12 வாரம் ஒன்றுகூடத் தவறாதவருக்குச் சுமார் 1,000 டாலர் பொருளாகக் கிடைக்கும். 1994இல் வெளியான ஆய்வில் 40 பேர். இரண்டு குழுவுக்கும் ஆலோசனை ஒன்றே. வவுச்சர் மட்டும் வேறுபாடு. 24 வாரமும் தொடர்ந்தவர்கள் வவுச்சர் குழுவில் 75 சதவீதம், மற்றதில் 40 சதவீதம். ஒரே ஒரு காரணியை மட்டும் பிரித்துச் சோதிக்கும் ஒழுங்கில் இதற்கு நிகரான ஆய்வை உரையாடல் பள்ளியில் தேடினாலும் கிடைப்பது அரிது.

செலவைக் குறைக்க கனெக்டிகட்டில் நான்சி பெட்ரி செய்தது நம் ஊர்த் திருவிழாக் கடையை நினைவூட்டும். ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் சீட்டுகள். பின்னாளில் நிலைபெற்ற வடிவில் 500 சீட்டு: 250இல் பாராட்டு வார்த்தை மட்டும், 209இல் ஒரு டாலர் அளவுக்குச் சிறு பரிசு, 40இல் 20 டாலர் அளவுக்கு ஒன்று, ஒரே ஒரு சீட்டில் 100 டாலரை ஒட்டிய பெரிய பரிசு. சுத்தமான மாதிரி கொடுத்தவர் கைவிட்டு எடுக்கலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் சீட்டு கூடும். 2000ஆம் ஆண்டில் 42 முன்னாள் படைவீரர்களிடம் செய்த முதல் ஆய்வில் எட்டு வாரம் தொடர்ந்தவர்கள் 84 சதவீதம், வழக்கச் சிகிச்சையில் 22 சதவீதம். எண்ணைப் பார்த்ததும் மயக்கம் வரும்.

மயக்கம் தெளிவது அதே சீட்டு முறையைப் பெரிய அளவில் சோதித்த 2005ஆம் ஆண்டு ஆய்வில். எட்டு மையம், 415 பேர், 12 வாரம். கடைசி வரை இருந்தவர்கள் 49 சதவீதமும் 35 சதவீதமும், வேறுபாடு உண்மைதான். ஆனால் சராசரியாகத் தொடர்ந்த காலம் 8.0 வாரத்துக்கு எதிராக 6.9 வாரம். சீட்டுத் தொட்டி ஆளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வாங்கித் தந்தது. இன்னொன்றும் அதே ஆய்வுச் சுருக்கத்தில் வெளிப்படையாக இருக்கிறது: கொடுக்கப்பட்ட மாதிரிகளில் போதை தென்பட்டவற்றின் விகிதம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே. பரிசுக் குழு அதிகச் சுத்தமான மாதிரி கொடுத்தது என்றால், அதில் பெரும்பங்கு அதிக நாள் வந்து கொடுத்ததால்தான். இங்கே தொடர்வதும் தவிர்ப்பதும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வந்தால்தான் மாதிரி, மாதிரி கொடுத்தால்தான் பரிசு. வராத நாளின் மாதிரியைப் போதையாகவே கணக்கெழுதுவது வழக்கம். இந்தப் பின்னலைப் பிரித்துக் காட்டாத பரிசு ஆய்வு எதையும் முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

காசு கொடுத்துத் திருத்துவது லஞ்சம் என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தவறு செய்ய வைப்பதற்குக் கொடுப்பதுதான் லஞ்சம். பரிசு நின்றதும் பலனும் நிற்கும் என்ற ஆட்சேபம் கனமானது. 2014இல் சீட்டு முறை ஆய்வுகளைத் தொகுத்த பெனிஷெக் குழு, ஆறு மாதத்தில் வேறுபாடு கரைந்துவிடுகிறது என்றது. 2021இல் 23 ஆய்வுகளைத் தொகுத்த கின்லி குழு, ஓராண்டு வரையிலும் சிறிய பலன் மிஞ்சுகிறது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிறிதளவு மிச்சம் உண்டு என்று சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. இதைக் குறையாக எழுதுகிறவர்கள், மற்ற எந்த உளவியல் சிகிச்சையின் பலன் ஓராண்டு தாண்டி நிற்கிறது என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

இந்தப் பள்ளியின் தோல்வி ஆய்வுக்கூடத்தில் நடந்ததல்ல. பரிசின் அளவு குறைந்தால் பலனும் குறையும் என்று தொகுப்பாய்வுகள் 2006லேயே சொல்லிவிட்டன. இருந்தும் அமெரிக்கக் கூட்டரசு நிதியில் ஆளுக்கு 75 டாலர் என்ற உச்சவரம்பு நெடுங்காலம் நீடித்தது. பத்தில் ஒரு பங்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பது போன்ற காரியம். முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை 2011இல் இதை ஒழுங்காகத் தொடங்கியது. கலிபோர்னியா 2023இல் ஆளுக்கு 599 டாலர் வரை என்று தொடங்கியது. நல்ல முறையியலுக்கும் நடைமுறைக்கும் இடையே முப்பதாண்டு.

இப்போது இந்த இரண்டு பள்ளியின் ஆய்வுப் பட்டியல்களிலும் அரிதாகவே தென்படும் ஓர் ஆய்வு. ஸ்டாக்ஹோமில் ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். அனைவருக்கும் ஒரே தீவிரமான குழுச் சிகிச்சை, ஒரே ஆலோசனை. ஒரு பாதிக்குத் தினம் 16 மில்லிகிராம் பியூப்ரினார்ஃபின். மறு பாதிக்கு ஆறு நாளில் மருந்தைக் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை. யோஹன் காக்கோ குழு 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டது. ஓராண்டு முடிவில் மருந்துக் குழுவில் தொடர்ந்தவர்கள் 75 சதவீதம். வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்த 20 பேரில் நால்வர் இறந்துபோனார்கள்.

இந்த 40 பேரும் தாமாக முன்வந்தவர்கள். குலுக்கல் நாளன்று அவர்களின் ஊக்கத்தை அளந்திருந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகவே இருந்திருக்கும். குலுக்கலின் பொருளே அதுதான். ஒரே ஊக்கத்தோடு தொடங்கியவர்களில் ஒரு பாதி ஓராண்டில் பூச்சியத்துக்குப் போனது. டோலும் நைஸ்வாண்டரும் 1965இல் ஹெராயின் அடிமைநிலைக்கு மெத்தடோன் என்ற மருந்தை முன்வைத்தபோது சொன்னது ஏறத்தாழ இதைத்தான், உடல் அலைக்கழிக்கப்படும்போது மன உறுதியைப் பற்றிப் பேசுவது பயனற்றது. மெத்தடோன் மையங்கள் ஆறில் 388 பேரிடம் சீட்டுத் தொட்டியைச் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வு மறைமுகமாக இதை உறுதி செய்கிறது: தவிர்ப்பில் முன்னேற்றம் வந்தது, தொடர்வதில் வேறுபாடு வரவில்லை. மருந்து ஏற்கெனவே அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. காக்கோ ஆய்வு சிறியது. ஓபியம் வகைக்கு வெளியே, குறிப்பாகக் கோகெயினுக்கும் மெத்தாம்ஃபெடமினுக்கும், இவ்வளவு வலுவான மருந்து எதுவும் இல்லை. அங்கேதான் பரிசு முறைக்கு உண்மையான இடம்.

நிறுவனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, முறையியலிலும் நோஞ்சான். பாஸ்டனில் 1965இல் ஓர் அக்கறையான கடிதம் மறுவருகையை 31 சதவீதத்திலிருந்து 50க்கு உயர்த்தியது. 1967இல் ஒரு தொலைபேசி அழைப்பு 8லிருந்து 44க்கு. விஸ்கான்சினில் டேவிட் கஸ்டாஃப்சன் தொடங்கிய நையாடெக்ஸ் திட்டம், 13 நிறுவனங்களில் சேர்க்கைக்குக் காத்திருக்கும் நாளை 19.6லிருந்து 12.4 ஆக்கியது, முதல் சந்திப்புக்குப் பின் இரண்டாவதற்கு வந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 85 ஆனார்கள். 2007இல் வெளியான இந்தக் கணக்குக்கு ஒப்பீட்டுக் குழு இல்லை. தாமாக முன்வந்த நிறுவனங்கள் எப்படியும் தேறியிருக்கும் என்று எவரும் சொல்லலாம். சரியான இடத்தில் தோண்டியிருக்கிறார்கள், மண்வெட்டிதான் மொண்ணை.

நம் நாட்டுச் சரக்கையும் இதே தராசில் வைக்க வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டிடிகே மையம், மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 1994இல் சர்வதேச இதழில் வெளியிட்டது. நோயாளியை நகரத்துக்கு இழுக்காமல், குடும்பமும் ஊரும் பார்க்கச் சிகிச்சை தருவது என்ற யோசனை அமெரிக்க ஆய்வுகள் தொடாத இடம். ஆனால் அது விவரணை. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. அந்தக் கிராமத்தின் தனிச்சிறப்பு எவ்வளவு, முறையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. கோவாவில் அபிஜித் நட்கர்ணி குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைத் தீர்த்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையம், 377 ஆண்கள், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், வேண்டுமென்றால் வீட்டுக்கே வந்து பேசுவது. மூன்று மாதத்தில் அபாயக் குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 26 சதவீதம். தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவில் மாற்றம் இல்லை. குடும்ப வன்முறையிலும் மாற்றம் இல்லை. ஆசிரியர்கள் இரண்டையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இது தீவிர அடிமைநிலைக்கு வராதவர்களைப் பற்றிய ஆய்வு என்பதை நாம்தான் மறக்காமல் இருக்க வேண்டும்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த ஒருவரும் பாதியில் நின்றால் நாம் எழுதும் காரணம் என்ன? ஒரு மறுவாழ்வு மையத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில் ‘மோட்டிவேஷன் இல்லை’, அடுத்த வரியில் மேற்படி, அதற்கடுத்து மேற்படி, பக்கம் முடியும்வரை மேற்படி. டோக்கனுக்கு எத்தனை மணி நேரம் காத்திருந்தார், இரவுத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார்களா, போன பிறகு யாராவது போன் செய்தார்களா என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. எதிர்முனையில் வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்ட மையங்கள் இருக்கின்றன. அங்கே நூற்றுக்கு நூறு பேர் தொடர்கிறார்கள். தொடர்வது மட்டுமே அளவுகோல் என்றால் பூட்டுக்குத்தான் முதல் பரிசு தர வேண்டும்.

ஆகவே என் மதிப்பீடு இது. ஊக்க உரையாடல் ஓர் ஆலோசகர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான ஒழுக்கம்; அந்த அளவில் கட்டாயம் கற்பிக்கத்தக்கது, நோயாளியைத் தங்கவைக்கும் முறை என்ற பட்டத்துக்கு அது இன்னும் தகுதி காட்டவில்லை. பரிசு முறையின் சான்று வலுவானது, ஆனால் அதன் ஆதரவாளர்கள் சொல்வதைவிடச் சிறியது. முழு அளவில் கொடுக்க மனமில்லாத அரசு அதைத் தொடாமலிருப்பதே மேல். ஓபியம் வகை அடிமைநிலையில் மருந்து இல்லாமல் ஊக்கத்தைப் பற்றி ஆய்வு செய்வதை நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்கவே கூடாது. சேஃபெட்ஸ் தொடங்கிய வழி, அதாவது நிறுவனத்தை மாற்றிவிட்டு நோயாளி தங்குகிறாரா என்று பார்ப்பது, முழுக் குலுக்கலோடும் நீண்ட பின்தொடர்தலோடும் இன்னும் சரியாக நடக்கவில்லை. துறையின் பெரிய கடன் அங்கே நிற்கிறது.

அடுத்த ஆய்வறிக்கை உங்கள் கைக்கு வரும்போது முடிவுரையை விட்டுவிட்டு, பாதியில் நின்றவர்களைப் பற்றிய அட்டவணையை முதலில் தேடுங்கள். எத்தனை பேர், எந்த வாரத்தில், அவர்களைத் தேடிப் போனது யார் என்று அதில் இல்லையென்றால், மீதிப் பக்கங்களைப் படிக்க அவசரமில்லை.